அட்மின் ஆன மாட்டு டாக்டர்

பூனையின் வாயைத் திறந்து மாத்திரையை உள்ளே தள்ளப்போகும் நேரம் பார்த்து, மாட்டு டாக்டரின் சட்டைப் பையில் இருந்த போன் அதிர ஆரம்பித்தது. ஒரு தடவை அதிர்ந்துவிட்டு ஓய்ந்திருந்தால் பரவாயில்லை. அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருந்தது. பூனை மாத்திரையைத் துப்பிவிட்டு அவர் கட்டைவிரலைக் கடித்தது.

"ஏதோ அவசரம் போல டாக்டர், எடுத்துப் பாருங்க," என்றாள் பூனைக்காரி, பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே. கடி வாங்கியவரைத் தடவ ஆளில்லை.

எடுத்துப் பார்த்தார். அவசரம்தான். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில், மேல்வீட்டு வக்கீலின் ஈரப்போர்வை சொட்டி, கீழ்வீட்டுத் தையற்காரம்மா கொடியில் போட்டிருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது என்று, அந்தம்மா போட்ட படத்தோடு போர் மூண்டிருந்தது.

மாட்டு டாக்டர் மாட்டைத் தொட்டுப் பல வருஷமாகிறது. அவர் ஆஸ்பத்திரிக்கு நாயும் பூனையும்தான் வரும். என்றைக்காவது ஒரு கிளி வரும். ஆனாலும் கட்டடத்தில் அவருக்கு அதுதான் பெயர். முன்பு குழுவை நடத்தியவர் வீடு மாறிப் போன அன்று, சாமான் வண்டியில் ஏறியபடியே, "இனிமே நீங்கதான் அட்மின். கடிக்கிற ஜீவன்களோட உங்களுக்குத்தான் பழக்கம்," என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டார். போகும்போது அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாகக் கையசைத்தது ஏன் என்று டாக்டருக்கு இப்போதுதான் புரிந்தது.

விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு செய்தி தட்டினார். "குழுவில் பொது விஷயங்களை மட்டும் பகிரவும். நன்றி."

அடங்கிவிடும் என்று நினைத்தார். வக்கீலிடமிருந்து உடனே பதில் வந்தது.

"போர்வை என் தனிச்சொத்து. ஆனால் அதிலிருந்து விழுந்த தண்ணீர் வெளிக்காற்றில் வந்துவிட்டபடியால் பொதுச்சொத்து. ஆகவே இது பொது விஷயமே. அட்மினின் உத்தரவு செல்லாது."

"பொதுத் தண்ணியா?" என்று கேட்டிருந்தார் தையற்காரம்மா. "அப்போ நாளைக்கு வாளியோட வந்து நிக்கறேன். பிடிச்சுக் குடுங்க, எல்லாருக்கும் பங்கு போட்டுடலாம்."

இந்த இடத்தில் வணக்கம் மாமா உள்ளே வந்தார். இரண்டாம் மாடிக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விடிந்தால் எல்லோருக்கும் வணக்கம் சொல்வதையே வேலையாக வைத்துக்கொண்டவர். அன்று அவர் அனுப்பியது பனித்துளி சொட்டும் ரோஜாப் பூ.

"எதுக்கு இப்போ சொட்டுற படம்?" என்று பாய்ந்தார் தையற்காரம்மா. "என்னைக் குத்திக் காட்டறீங்களா?"

மாமா பதறிப்போய், வருத்தம் தெரிவிக்க இன்னொரு படம் அனுப்பினார். அது அருவி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த டாக்டர், மனைவியிடம் புலம்பினார். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக் கட்டடத்துச் சண்டையெல்லாம் தூசு.

"ரெண்டு வண்டி ஒரே லேன்ல போனா இடிக்கத்தான் செய்யும். லேனைப் பிரிச்சு விடுங்க," என்றாள்.

டாக்டருக்கு அது பொன்னான யோசனையாகப் பட்டது. முக்கியச் செய்திக்கு ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு என்று பிரித்துவிட்டார். மறுநாள் காலை இரண்டிலும் ஒரே ரோஜா பூத்திருந்தது. ஒரு குழுவுக்கு வணக்கம் சொல்லி இன்னொன்றுக்குச் சொல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடுமாம். தையற்காரம்மா முக்கியக் குழுவில் கேள்வி கேட்டால் வக்கீல் அரட்டைக் குழுவில் பதில் சொன்னார். ஒரே ஒரு குழுவில் இருந்தவர்களுக்கு, யாரோ தனியாகப் புலம்புவது போல இருந்தது. மிச்சப் பேர் விஷயம் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து திட்டினார்கள்.

பொறுப்பைக் கொடுத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம் டாக்டருக்கு. வக்கீலையும் தையற்காரம்மாவையும் கூடவே அட்மின் ஆக்கினார்.

ஆக்கிவிட்டுக் குளிக்கப் போனார். தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் வக்கீல் தையற்காரம்மாவைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். அதற்குள் அம்மா தயவில் அட்மின் ஆகியிருந்த தையற்காரம்மாவின் மகள், அம்மாவைச் சேர்த்து மறுபடி அட்மின் ஆக்கியிருந்தாள். அம்மா வக்கீலை நீக்கியிருந்தார். நடுவில் போன வணக்கம் மாமாவை இருவருமே, எதிரணி ஆள் என்று நினைத்து நீக்கியிருந்தார்கள். மாமா கதவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"டாக்டர், நான் ரோஜாவைத் தவிர ஒரு பாவமும் பண்ணலையே!"

இந்தக் கூத்துக்கு நடுவே நிதானமாகப் பேசியது ஒரே ஓர் ஆள்தான். தன் படத்துக்குப் பதில் ஒரு வெள்ளை முயலை வைத்திருந்ததால் எல்லோரும் 'முயல்' என்றே சொல்வார்கள். "ரெண்டு பேரும் ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்து பேசுங்களேன்," என்று போடும். "அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா சொன்ன விதம் வக்கீல் சாரைச் சுட்டிருக்கும்," என்று போடும். ஐந்தாம் மாடிக் கோடி வீடு எப்போதும் பூட்டியே கிடக்கும். விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டியபின் வருகிற குடும்பம். முயல் அந்த வீடுதான் என்று கட்டடமே முடிவு கட்டியிருந்தது.

ஆனால் அப்போது முயல் சொன்னதைக் கேட்க யாருக்குப் பொறுமை? டாக்டருக்கே இல்லை. பொறுத்தது போதும் என்று எல்லோர் அதிகாரத்தையும் பிடுங்கினார். இரண்டு குழுவையும் மூடி, பழைய குழுவையே திறந்தார். "இன்றுமுதல் தேவையில்லாத எந்தச் செய்தியும் உடனே நீக்கப்படும்," என்று அறிவித்தார். எது தேவை, எது தேவையில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியாது.

சொன்னபடி செய்தார். நாயின் முதுகில் உண்ணி பொறுக்குவதைப் போலச் செய்திகளைப் பொறுக்கி எறிந்தார். போர்வை, போச்சு. ரோஜா, போச்சு. யாருடையது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல், வர வர அழித்தார். மனுஷன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனிமேல் யாரும் கடிக்க முடியாது என்ற நிம்மதியில் சோபாவில் சாய்ந்து அழித்துக்கொண்டிருந்தபோது, கதவு தடதடவென்று இடிபட்டது. வணக்கம் மாமா மூச்சு வாங்க நின்றார்.

"டாக்டர், லிப்ட்டுக்குள்ளேருந்து சத்தம் வருது. உங்க வீட்டம்மா குரல் மாதிரி இருக்கு!"

டாக்டர் படிகளில் உருண்டும் ஓடியும் இறங்கினார். லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. உள்ளே இருந்து வந்த குரலில் இருந்த கோபத்தை வைத்தே, மனைவி நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார். மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அவர் வெளியே நின்று ஆறுதல் சொன்னார். அவள் உள்ளே இருந்து கதவை உதைத்தாள்.

வெளியே வந்தவள் வியர்வையில் குளித்திருந்தாள். காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். நேராக அவரைப் பார்த்தாள்.

"உள்ள போன் பேச சிக்னல் இல்ல. குரூப்புல மெசேஜ் மட்டும் போச்சு. 'லிப்ட்ல மாட்டிக்கிட்டேன், காப்பாத்துங்க'ன்னு போட்டேன்."

"அப்படியா? நான் பார்க்கவே..."

"பார்த்தீங்க. அழிச்சீங்க. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அழிச்சீங்க. மூணாவது தடவை போட்டப்போ என்னையே குரூப்பைவிட்டுத் தூக்கிட்டீங்க!"

அதற்குள் சுற்றிலும் கூட்டம் சேர்ந்திருந்தது. தையற்காரம்மாவும் வக்கீலும், சண்டை மூண்டதிலிருந்து முதல் முறையாக ஒரே பக்கம் நின்று, ஒரே மாதிரி டாக்டரைப் பார்த்தார்கள்.

"பிரேக் போட வேண்டிய இடத்துல நீங்க இன்ஜினையே கழட்டி எறிஞ்சிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். லிப்ட்டை நம்பவில்லை. அவரையும்தான்.

டாக்டர் அன்று சாப்பிடவில்லை. மருந்து கொடுத்த கையே மூச்சை அடைக்கப் பார்த்தது போல அவருக்கு இருந்தது. உள்ளே இருந்தவள் ஆஸ்துமாக்காரியாக இருந்திருந்தால்? குழந்தையாக இருந்திருந்தால்? போனை எடுத்து எழுதினார்.

"என் தவறு. என்னால் முடியவில்லை. குழுவைக் கலைத்துவிடுகிறேன். எல்லோரும் மன்னிக்கவும்."

கலைக்கும் பொத்தானை அழுத்தப் போனபோது முயலின் செய்தி வந்தது.

"கலைக்காதீங்க டாக்டர். விளையாட்டுல அடிதடி வந்தா மைதானத்தையா பூட்டுவாங்க? கோடு போடுவாங்க. கோட்டை நீங்க தனியாப் போட்டா அது உங்க கோடு. எல்லாரும் சேர்ந்து போட்டா நம்ம கோடு. யாருக்கு எது வலிக்குதுன்னு முதல்ல ஒவ்வொருத்தரையும் கேளுங்க."

டாக்டர் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஆஸ்பத்திரிக்கு வரும் நாயை அவர் எடுத்த எடுப்பில் கட்டிப்போடுவதில்லை. எங்கே வலி என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். மனிதர்களிடம் மட்டும் எடுத்த எடுப்பில் ஊசியோடு போயிருக்கிறார்.

அடுத்த சில நாள் மாலைகளில் அவர் வீடு வீடாகப் போனார். தையற்காரம்மாவுக்கு வலித்தது தண்ணீர் அல்ல. நனைந்தது, மறுநாள் கொடுக்கவேண்டிய ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு. அதை யாரும் கேட்கவே இல்லையே என்பதுதான் வலி. வக்கீலுக்கு வலித்தது, நேரில் கதவைத் தட்டிச் சொல்லாமல் ஊர் பார்க்கப் படம் போட்டது. வணக்கம் மாமா முதலில் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு, "பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. காலையில ஒருத்தராவது பதில் வணக்கம் போட்டா, சரி, இன்னைக்கும் நாம இருக்கோம்னு தோணும்," என்றார்.

ஐந்தாம் மாடிக் கோடி வீட்டைத் தட்டினார். வழக்கம்போல் பூட்டு. "நேர்ல வர முடியலை, மன்னிச்சுக்குங்க. இங்கேருந்தே எல்லாத்துக்கும் உதவறேன்," என்று முயல் போட்டது. சொன்னபடி உதவியது. டாக்டர் கேட்டு வந்ததையெல்லாம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி விதிகளாக எழுதிக் கொடுத்ததே முயல்தான்.

அவசரம் என்றால் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்தால் மற்ற எல்லாப் பேச்சும் நிற்கவேண்டும். இரண்டு வீட்டுத் தகராறு முதலில் இரண்டு வீட்டுக் கதவுக்கு நடுவில். அங்கே தீராவிட்டால்தான் குழுவுக்கு. கண்ணால் பார்க்காததைப் பரப்பக்கூடாது. காலை வணக்கம் ஒன்றே ஒன்று, ஆனால் அதற்கு யாராவது பதில் போட்டே ஆகவேண்டும். அட்மின் எதை அழித்தாலும் ஏன் அழித்தார் என்று எல்லோருக்கும் சொல்லவேண்டும். இந்தக் கடைசி விதியை டாக்டரின் மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தாள்.

வக்கீல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "கட்டடத்தில் குடியிருக்காத வெளியாட்களுக்குக் குழுவில் இடமில்லை. அவர்கள் கருத்தும் செல்லாது. இது இல்லாம எந்த அமைப்பும் நிலைக்காது சார்!"

"ரொம்பச் சரி," என்று முயலும் கட்டைவிரலை உயர்த்தியது.

ஓட்டெடுப்பு, குழுவிலேயே நடந்தது. விதி எதற்கு, கட்டுப்பாடு எதற்கு என்று எதிர்த்தவர்களும் குறைவில்லை. மாலை வரை இழுபறி. கடைசியில் முயலின் ஓட்டும் விழுந்ததும், ஒரே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் விதிகள் ஜெயித்தன. டாக்டர் மொட்டை மாடிக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் ஒரு குதி குதித்தார்.

விதி போட்டாயிற்று, வேலை செய்யுமா என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. ஒரு வேலைநாள் மத்தியானம். வணக்கம் மாமா, காலையில் போட மறந்த பூவை இப்போது போடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது குழுவில் சிவப்புப் புள்ளி விழுந்தது. போட்டவர் தையற்காரம்மா.

"வக்கீல் வீட்டு ஜன்னல்ல புகை வருது. என் கண்ணால பார்த்தேன்."

பழைய நாளாக இருந்திருந்தால், புகை பொதுச்சொத்தா தனிச்சொத்தா என்று வாதம் நடந்திருக்கும். இன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கோர்ட்டில் இருந்த வக்கீல் மட்டும் எழுதினார். "கறுப்புக் கோட்டைத் தேய்ச்சிட்டு அயர்ன் பாக்ஸை அணைக்காம வந்துட்டேன் போல. அப்பா உள்ள தூங்கறார். காது கேட்காது. ஐயோ!"

"மெயின் சுவிட்சை முதல்ல அணைங்க. கதவு சூடா இருக்கான்னு தொட்டுப் பார்த்துத் திறங்க," என்றது முயல். "யாராவது நம்ம கட்டடத்து முகவரியை முழுசாப் போடுங்க, தீயணைப்புக்கு நான் சொல்லிடறேன்."

பதற்றத்தில் சொந்த முகவரி யாருக்குத்தான் ஞாபகம் வரும்? டாக்டரின் மனைவி போட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த டாக்டர் மெயின் சுவிட்சுக்கு ஓடினார். தையற்காரம்மாவிடம் வக்கீல் வீட்டு மாற்றுச்சாவி இருந்தது. கதவு தட்டிப் பேச ஆரம்பித்த பிறகு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வக்கீலே கொடுத்து வைத்தது. அந்த அம்மா ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வக்கீலின் அப்பாவை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. "யாரும்மா நீ? விருந்தாளியா?" என்று மட்டும் கேட்டார். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க மிச்சமிருந்தது ஒரு மேசையும், பாதி கோட்டும்தான்.

ஓடி வந்த வக்கீல், அப்பாவைக் கட்டிக்கொண்டார். பிறகு தையற்காரம்மாவின் முன் நின்றார். கட்சிக்காரர்களுக்காக மணிக்கணக்கில் பேசுகிறவர் ஒரே ஒரு வரிதான் சொன்னார்.

"அக்கா... இனிமே என் வீட்டுப் போர்வை சொட்டவே சொட்டாது."

"சொட்டினா சொட்டட்டும் தம்பி. முன்கூட்டிக் கதவைத் தட்டிச் சொல்லிடுங்க, போதும்."

அன்று இரவு மனைவி டாக்டரின் தட்டில் தானே சாப்பாடு போட்டாள். லிப்ட் சம்பவத்துக்குப் பிறகு அது முதல் தடவை. "பரவாயில்ல," என்றாள். "லைசென்ஸ் குடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டுக் கட்டடமே கூடியது. வக்கீல் பெரிய கேக் வாங்கி வந்திருந்தார். முயலை இரண்டாவது அட்மின் ஆக்குவதென்று ஏகமனதாக முடிவு. "இந்தத் தடவை சாக்குப்போக்கு ஆகாது, நேர்ல வந்தே ஆகணும்," என்று டாக்டர் கண்டிப்பாக எழுதியிருந்தார். "கண்டிப்பா வர்றேன். எனக்கும் உங்க எல்லாரையும் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை," என்று பதில் வந்திருந்தது.

"அன்னைக்கு அந்த ஒரு ஓட்டு விழலைன்னா எங்கப்பா கதி என்ன ஆயிருக்கும்!" என்று வக்கீல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுலயும் வெளியாள் கூடாதுன்னு நான் சேர்த்தேன் பாருங்க, அதுதான் சார் அஸ்திவாரம்!"

அப்போது வாசல் பக்கமிருந்து, தோளில் பயணப் பையோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். நடுத்தர வயது. கொஞ்சம் களைத்திருந்தாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான்தான் முயல்," என்றாள்.

கைதட்டல் கட்டடத்தைக் கிடுகிடுக்க வைத்தது. வணக்கம் மாமா நிஜ ரோஜா ஒன்றை நீட்டினார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை, நின்ற இடத்திலிருந்தே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துணிக் கொடியைக் கண்டதும் கண் விரிந்தது.

"அட, அந்தக் கொடி இதுதானா!"

"என்னம்மா இது, தினமும் மாடியிலிருந்து பார்க்கிற கொடிதானே?" என்று சிரித்தார் டாக்டர்.

"தினமுமா? நான் இந்த ஊருக்கே இன்னைக்குத்தாங்க முதல் தடவையா வர்றேன்; யாரோ நம்பரைத் தப்பாப் போட்டு என்னை உங்க குரூப்புல சேர்த்துட்டாங்க, விலகிடலாம்னு பார்த்தா, நீங்க ஒரு நாளாவது சண்டையை முடிச்சாத்தானே!"